வளைகாப்பன்று வந்தவர்

தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது என்னிடம் யாரும் ஊர்க்கதை பேச வரக்கூடாது. அலோன் பேட்டையில் என் கடைக்கு வருகிற படகுத்துறை ஆட்களுக்கெல்லாம் இது தெரியும். அன்றைக்கு வந்தவர் புதியவர், அதனால் அவருக்குத் தெரியவில்லை. கைத்தடி ஊன்றிய கிழவர். லுங்கியை நன்றாக உதறிக் கட்டியிருந்தார். வரிசையில் நிற்காமல் நேராக என் பக்கம் வந்து, பர்மியில் ஒரு பெயரைச் சொல்லி, அவருடைய சம்சாரம் நீங்கள்தானா என்று கேட்டார்.

அது என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேரும்போது வாங்கிக்கொண்ட பர்மியப் பெயர். அந்தப் பெயரை ஒரு அந்நியர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தகவல் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எந்த ஊரில் இருக்கிறார், உடம்புக்கு என்ன, நடக்க முடிகிறதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கிழவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் என் வீட்டுக்காரருக்கு மேலாளாக இருந்த சார்ஜன்டாம். பழைய ஆட்களில் மிஞ்சியிருப்பவர்கள் போன் வழியாக ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்திருக்கிறார்களாம். வருஷா வருஷம் மிங்கலாடோனில் ஒரு புத்த மடத்தில், செத்துப்போன கூட்டாளிகளுக்காகப் பொங்கிகளுக்கு, அதாவது பிக்குகளுக்கு, சோறு போட்டு, தண்ணீர் வார்த்துப் புண்ணியத்தைப் பங்கு கொடுப்பார்களாம். இந்த வருஷம் குடும்பத்து ஆட்களையும் கூப்பிடலாம் என்று முடிவாம். ஃபேஸ்புக்கில் என் மகளைக் கண்டுபிடித்து, அவள் மூலமாக இந்தக் கடையைக் கண்டுபிடித்தார்களாம். இத்தனை வருஷமாக அவருக்கும் சேர்த்து நாங்களே தண்ணீர் வார்த்துவிட்டோம், இந்தத் தடவை நீங்கள் உங்கள் கையால் வார்க்க வேண்டும் என்றார்.

யாருக்கு என்று கேட்டேன். மறுபடி அதே பெயரைச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லில் கிடந்த தோசை கருகியதுகூடத் தெரியவில்லை. பாதி பர்மியும் பாதி தமிழுமாகக் கத்தினேன். "வாயக் கழுவிட்டு வாங்க. எம்புருசன் செத்துட்டாருன்னு ஒங்களுக்கு யார் சொன்னா?"

அந்த மனுஷர் கோபப்படவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றார். உங்களுக்கு அப்போதே சொல்லியாயிற்றே தங்கச்சி, நாங்கள்தானே ஆள் அனுப்பினோம் என்றார். ஆமாம், அனுப்பினீர்கள், அந்த ஆள் வந்தார், வந்து நல்லா இருக்கிறார் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார் என்றேன். அவர் நாளையும் இடத்தையும் என் மகளுக்குப் போனில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். நான் மீதி மாவை மூடி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது இருபது வயதுகூட ஆகவில்லை. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தார். லீவில் வருகிற சில நாட்கள்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. கடைசியாக வந்துவிட்டுக் கரேன் மலைப் பக்கம் சண்டைக்குப் போனார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். போனவரிடமிருந்து கடிதம் வருவது நின்றது. ஆபீசுக்கு நடையாய் நடந்து கேட்டதற்குக் காணவில்லை என்றார்கள். செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லை. காணவில்லைக்கும் செத்துப்போனதற்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணா நான்?

அந்தச் சமயத்தில்தான் வளைகாப்பு வந்தது. அவர் இல்லாமல் எதற்கு என்று நான் அழுதேன். வயிற்றுப் பிள்ளைக்குக் குறை வைக்கக்கூடாது என்று அம்மா பிடிவாதமாகச் செய்தாள். மணைபோட்டு உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் பட்டாள உடுப்போடு ஒரு பர்மாக்காரர் வந்து நின்றார். பாட்டுப் பாடிய கிழவிகள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அம்மா போட்டுக்கொண்டிருந்த பச்சை வளையல் என் கையில் பாதி ஏறி நின்றது.

நான் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்து, நல்லா இருக்கிறாரா என்று பர்மியில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நல்லா இருக்கிறார் என்று சொன்னார். எப்போது வருவார் என்றேன். இப்போது தூரமாக அனுப்பியிருக்கிறார்கள், வருவார் என்றார். அவ்வளவுதான், வீடு கலகலவென்று ஆகிவிட்டது. என் அம்மா வளையலை ஏற்றிவிட்டு அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரைத் தின்ன வைக்காமல் விடுவோமா? புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் இலை போட்டு வைத்தோம். குனிந்த தலை நிமிராமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். பசியோடு வந்திருக்கிறார் பாவம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் வாழ்ந்தேன். நெற்றியில் குங்குமம், கையில் வளையல், மாதம் தவறாமல் அவர் நட்சத்திரத்தன்று கோயிலில் ஆயுசு கேட்டு அர்ச்சனை. தெருவில் என்னை வாயில் போட்டு மெல்லாத ஆள் கிடையாது. கண்ணாடியைப் பார்க்க ஆசை, அதனால்தான் பொட்டை விட மனசில்லை என்று என் காதுபடவே பேசினார்கள். போங்கடி என்று விட்டுவிட்டேன். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், ஒரு பர்மியப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மிதான். மகள் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் என் தம்பி குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குக் கிளம்பியபோது அம்மாவையும் கூட்டிப் போனான். என்னையும் வரச்சொல்லிக் காலில் விழாத குறை. அவர் வந்தால் என்னை எங்கே தேடுவார், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கப்பல் துறையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான்தான் விரலைப் பிரித்து எடுத்தேன். அவள் அங்கேயே செத்தாள். சாவுச் செய்தி வந்து சேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

சார்ஜன்ட் வந்துபோன அன்று மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிக் குதித்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம் அம்மா என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை. இவளும் அவரைச் செத்தவர் கணக்கில்தான் வைத்திருக்கிறாளா என்று வயிறு எரிந்தது. அன்றைக்கு வந்து சொன்ன ஆள் இன்னும் இருக்கிறாரா என்று அவர்களிடம் கேட்கச் சொன்னேன். இருக்கிறார், கியாக்தானில் இருக்கிறார், அவரும் வருவார் என்று பதில் வந்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் வாயாலேயே அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வைக்கிறேன் பார் என்று, இருப்பதில் நல்ல புடவையாக எடுத்து வைத்தேன். கைக்குப் புது வளையல்கூட வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அலோனிலிருந்து மிங்கலாடோனுக்குப் பஸ்ஸில் போனோம். எங்கே போகிறோம் என்று தெருவில் யாரிடமும் சொல்லாதே என்று மகள் சொல்லியிருந்தாள். காலம் அப்படி இருக்கிறது. வீட்டுக்கு வீடு வயதுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுத்துவிடுவார்களோ என்று பயந்து கிடக்கிறார்கள். யாருடைய பிள்ளை எந்தக் காட்டில், எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று கேட்கவே முடியாது. பழைய பட்டாளத்துக்காரர்கள் என்று வெளியே சொல்லிக்கொள்ள அந்தக் கிழவர்களுக்கே தயக்கம்தான். மடத்துக்கு ஒவ்வொருவராக, சம்பந்தமில்லாதவர்கள் போல வந்து சேர்ந்தார்கள். உள்ளே வந்தபிறகுதான் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பல்லில்லாத வாயோடு, டேய், நீ இன்னும் சாகவில்லையா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவர் காது கேட்காத இன்னொருவரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருப்பார் இப்போது, முடி கொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஒரு மேசையில் செத்தவர்களின் படங்களை வைத்திருந்தார்கள். அதில் அவர் படம் இருந்தது. நான் பார்த்தேயிராத படம். கூட்டமாக எடுத்ததில் அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கியிருக்க வேண்டும், பக்கத்தில் யாருடைய தோளோ தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை சின்னப் பையன்! என் மகளைவிடச் சின்னவர். முன்னால் ஒரு தட்டில் சோறும் ஒரு கோப்பையில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குப் படையலா என்று நான் அந்தத் தட்டை எடுத்துக் கீழே வைத்தேன். படத்தையும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கிழவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை.

கியாக்தான்காரர் கடைசியாகத்தான் வந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரண்டு கட்டைகளை ஊன்றி வந்தார். முகம் உருத்தெரியாமல் மாறியிருந்தது, ஆனாலும் நான் கண்டுகொண்டேன். என் வீட்டுக்கு நல்ல வார்த்தை கொண்டுவந்த முகம் எனக்கு மறக்குமா? எழுந்து ஓடினேன். பர்மியில் அண்ணனை அக்கோ என்போம். அக்கோ, வந்துவிட்டீர்களா, இவர்களிடம் நீங்களே சொல்லுங்கள், நீங்கள்தானே என் வீட்டில் வந்து சொன்னீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அந்தப் புது வளையல்களைப் பார்த்தார். கட்டைகளைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். மகள் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னது இதுதான். ஆற்றைக் கடக்கும்போது சண்டை. என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் குண்டு பட்டது. இவர்தான் அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது. விடிந்ததும் போய்விட்டது. கரையிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். உடம்பைக் கொண்டுவரவில்லை, மேலே சொல்ல வேண்டிய அதிகாரியும் அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் கணக்கில் காணவில்லை என்றே நின்றுவிட்டது. லீவு கிடைத்ததும் வீட்டில் சொல்லிவிட்டு வா என்று கூட்டாளிகள் இவரை அனுப்பினார்கள்.

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே பர்மியில் சொன்னார். "உங்க ஆள் எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கான். எங்க ஜனத்துல புருசன் செத்தா பொம்பள கை வளையல ஒடைச்சிருவாங்கன்னு. நான் வாசல்ல வந்து நின்னப்ப ஒங்களுக்கு வளையல் போட்டுக்கிட்டிருந்தாங்க. என்னால முடியல தங்கச்சி."

பிள்ளை பிறந்தபிறகு சொல்லலாம் என்று ஒரு தடவை வந்தாராம். தெருமுனையில் நின்று பார்த்தாராம். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேனாம், கையில் வளையல் இருந்ததாம். அப்படியே திரும்பிப் போய், கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டாராம். பிறகு மறுபடி சண்டை, கண்ணிவெடியில் கால் போனது. இத்தனை காலத்தில் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாராம்.

கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். சொன்னான், ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தான், ஆனால் உங்கள் பாஷையில் பேசினான், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது என்றார். எதையாவது, ஒரு சத்தத்தையாவது ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. என்னிடம் பேசியிருக்கிறார் அந்த மனுஷர். இரவெல்லாம் என்னிடம் பேசியிருக்கிறார், நான் இங்கே நல்ல தூக்கத்தில் இருந்திருப்பேன்.

பர்மாக்காரர்களில் பெரியவர்கள் சின்னவர்களை வணங்க மாட்டார்கள். அவர் என்னை வணங்கினார். நெற்றி தரையில் பட்டது. எழுந்திருங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு மன்னிக்கவும் தோன்றவில்லை, அடிக்கவும் கை எழவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கோ," என்றேன். "எங்கம்மா மடியில விழுந்து அழுதிருப்பேனே. அவளோட போயிருப்பேனே." கூடத்தில் அத்தனை கிழவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு பக்கம் வருஷா வருஷம் அவரைச் செத்தவராகக் கூப்பிட்டுச் சோறு வைத்திருக்கிறார்கள். நான் இன்னொரு பக்கம் மாதா மாதம் அவருக்கு ஆயுசு கேட்டிருக்கிறேன். அந்த ஆத்மா எந்தப் பக்கம் போகும்?

பெரிய பொங்கி வந்து உட்கார்ந்தார். மகள் என் முந்தானையிலிருந்து படத்தை மெல்ல எடுத்து மேசையில் வைத்தாள். கீழே வைத்த தட்டை நானே எடுத்து மேலே வைத்தேன். பொங்கி ஓத ஓத, சின்னக் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வார்க்க வேண்டும். மகள் என் கைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டாள். வார்த்து முடித்ததும் செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வா, வந்து இந்தப் புண்ணியத்தில் சமபங்கு எடுத்துக்கொள் என்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர்கள் காதில் விழுமாம். கூட்டாளிகள் அவருடைய பர்மியப் பெயரைச் சொல்லி ஒரே குரலில் கூப்பிட்டார்கள். பொங்கி என்னைப் பார்த்தார். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி நீங்களும் கூப்பிடுங்கள் என்றார்.

நான் கூப்பிடட்டுமா என்று மகள் காதில் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, அவள் குரல் அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். கல்யாணமான புதிதில், விளக்கை அணைத்தபிறகு, ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லேன் என்று கெஞ்சுவார். மாட்டேன் போங்கள் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். கோயிலில்கூட நட்சத்திரத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், பெயரைக் குருக்களே சொல்லிக்கொள்வார். யாருடைய ஆயுசைக் காப்பாற்ற இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்?

வாயைத் திறந்தேன். பழக்கத்தில் "என்னங்க" என்றுதான் வந்தது. பொங்கி பொறுமையாக இருந்தார். கிழவர்கள் தலை குனிந்து காத்திருந்தார்கள். பிறகு அவர் பெயரைச் சொன்னேன். மாமியார் வைத்த பெயர், முழுப் பெயர், மூன்று தடவை, படகுத்துறை வரைக்கும் கேட்கிற என் கடைக் குரலில் கத்திக் கூப்பிட்டேன்.

கூடியிருந்தவர்கள் எல்லோரும், நல்லது என்ற அர்த்தத்தில், சாது, சாது, சாது என்று சொல்லி முடித்தார்கள். நான் சொல்லவில்லை. என்ன என்று ஒரு குரல் வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.